முதலில் தண்ணீர், அப்புறம் டைல்ஸ்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மும்பையிலிருந்து. அதனால் இந்த இதழ் முழுக்க மும்பை வீடுகளுக்கே. நான் சிவில் டிப்ளமோ முடித்து 31 வருஷமாக இந்த ஊரில் கட்டட ரிப்பேர் வேலை பார்க்கிறவள். அப்பா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். நான் வளர்ந்தது சயான் கோலிவாடாவில், தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்துக்குள். சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 1,400 மி.மீ. இங்கே சாந்தாகுரூஸில் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் மட்டும் 2,200 மி.மீ.க்கு மேல். வீட்டுக்கு எவ்வளவு செலவு செய்யலாம், எதற்கு முதலில் செய்யலாம் என்று யோசிக்கும்போது இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: மேடம், செம்பூரில் எங்கள் வீடு 430 சதுர அடி கார்ப்பெட் ஏரியா (சுவர் நீங்கலாக உள்ளே புழங்கும் இடம்), ஒரு பெட்ரூம், 3-வது மாடி, லிஃப்ட் இல்லை. கட்டடத்துக்கு 32 வயது. தஞ்சாவூரிலிருந்து மாமியார் எங்களோடு வந்து இருக்கப் போகிறார். அதற்குள் வீட்டைச் சரிசெய்ய நினைக்கிறோம். சேமிப்பு 6 லட்சம், கடன் 3 லட்சம், ஆக மொத்தம் 9 லட்சம். கான்ட்ராக்டர் மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், புது டைல்ஸ், பாத்ரூம், பெயின்ட் எல்லாம் சேர்த்து 8 லட்சத்து 60 ஆயிரம் என்கிறார். ஹோலி முடிந்ததும் ஆரம்பிக்கலாம் என்றார். சரி சொல்லலாமா?
*– வாசகி, செம்பூர்*

பதில்: இப்போதைக்குச் சரி சொல்லாதீர்கள். அவர் கொடுத்த தாளை எடுத்து, கடைசி வரியில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேராமல் இருந்தால் 18 சதவீதம் கூட வரும். 8,60,000 ரூபாய் 10,14,800 ஆகிவிடும். வேலை ஆரம்பிக்கும் முன்பே உங்கள் 9 லட்சம் தாண்டிவிட்டது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்ன மிஸ்திரியாக இருந்தால் அந்த வரியை அவர் உங்களிடம் வாங்கவே கூடாது. அதையும் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் 9 லட்சத்தை நான் போடுகிற மாதிரி போட்டுப் பார்ப்போம். 32 வயது கட்டடத்தில் டைலை உடைத்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். ஸ்லாபின் அடியில் கம்பி துருப்பிடித்து, காங்கிரீட் பொருக்குப் பொருக்காகக் கையோடு வருவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். துரு ஏறிய கம்பி உப்பும். உப்பினால் மேலே மூடியிருக்கும் காங்கிரீட்டைத் தள்ளிப் பிளந்துவிடும். அதை அப்படியே மூடி டைல் ஒட்ட முடியாது. அதனால் 15 சதவீதம், அதாவது 1,35,000 ரூபாய், யாரிடமும் சொல்லாமல் தனியாக வைத்துவிடுங்கள். கான்ட்ராக்டரிடம் சொல்லவே கூடாது. மீதி 7,65,000.

அப்புறம், எந்தக் கொட்டேஷனிலும் எழுதாத செலவுகள். சொசைட்டி, அதாவது கட்டடத்து வீட்டுக்காரர்களின் சங்கம், வாங்குகிற டெபாசிட் பின்னால் திரும்பி வரும்தான், ஆனால் வேலை நடக்கும்போது அது உங்கள் கையில் இருக்காது. 25,000 என்று வையுங்கள். லிஃப்ட் இல்லாத 3-வது மாடியிலிருந்து உடைத்த இடிபாட்டை மூட்டை கட்டி, கூலியாட்கள் தோளில் இறக்கி, டெம்போவில் ஏற்றி அனுப்ப இன்னொரு 25,000. இருப்பது ஒரே பாத்ரூம், அதை உடைத்தால் அந்த வீட்டில் இருக்க முடியாது. பக்கத்தில் இரண்டு மாதம் வாடகைக்கு 60,000. சொந்தக்காரர் வீடு பக்கத்தில் இருந்தால் அந்தப் பணம் மிச்சம். ஆக 1,10,000 போனால் மீதி 6,55,000. இதற்குள்ளேதான் 18 சதவீத வரியும் வர வேண்டும். அப்படிப் பார்த்தால் வேலைக்கென்று உங்கள் கையில் இருப்பது சுமார் 5,55,000 ரூபாய்.

9 லட்சம் என்று நினைத்திருந்தது ஐந்தரை லட்சமாகிவிட்டதே என்று மனசு உடைய வேண்டாம். இந்தத் தொகை முன்னாலேயே தெரிந்தால்தான் எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்யலாம். தெரியாமல் இறங்கினால், பாதி வேலையில் பணம் தீர்ந்து, எது நடுவில் நிற்கிறதோ அதுதான் முடிவாகும்.

நானாக இருந்தால் பாத்ரூமுக்கும் டாய்லெட்டுக்கும் சேர்த்து 2,20,000 வைப்பேன். கையில் உள்ளதில் பெரிய பங்கு அதுதான், வெளியில் தெரியாத பங்கும் அதுதான். பழைய டைலின் மேலேயே புது டைல் ஒட்டலாம், செலவு குறையும் என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்லாப் வரை உடைக்க வேண்டும். பைப் ஸ்லாபைத் துளைத்து இறங்கும் இடத்தையும் நஹானி டிராப்பை (தரையில் தண்ணீர் வடியும் வாய்) சுற்றியும் சுருங்காத கிரௌட் (சிமென்ட் கலவை) போட்டு அடைக்க வேண்டும். அதன்மேல் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு, சுவரிலும் ஒரு அடி உயரத்துக்கு ஏற வேண்டும். பிறகு டிராப்பை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி வையுங்கள். கீழ்வீட்டுக்குப் போய் அவர்கள் சீலிங்கைத் தேக்குவதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். காய்ந்திருந்தால்தான் மேலே செங்கல் துண்டு போட்டுச் செய்கிற கோபா என்ற அடுக்கு. கோபா முடிந்ததும் இன்னொரு முறை தண்ணீர் தேக்கிப் பார்த்துவிட்டு டைல். இரண்டு தேக்கலும் சேர்ந்து நான்கைந்து நாள் போகும். கான்ட்ராக்டர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

மாமியாருக்காகச் செய்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். பழைய பாத்ரூம்களில் ஒவ்வொரு ரிப்பேருக்கும் மேலே மேலே போட்டு, தரை ஒரு படி உயரத்துக்கு ஏறியிருக்கும். ஸ்லாப் வரை உடைக்கும்போது அந்தப் படியை இறக்கிவிடலாம். வாசலில் அரை அங்குல மார்பிள் பட்டை போதும். வழுக்காத டைல், கமோடுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி. அந்தக் கம்பி எங்கே வரும் என்று டைல் ஒட்டும் முன்பே சுவரில் குறித்து, வலுவான இடமாகப் பார்த்து வையுங்கள். 

ஒயரிங்கை முழுசாக மாற்ற 80,000. ஜன்னல்களுக்கு 60,000, அதில் வெளிப்பக்கம் சரிவு சரியாக இருக்கிறதா, சீலண்ட் அடைத்தார்களா என்று பார்ப்பதும் அடக்கம். சமையல் மேடை, சிங்க், பைப் எல்லாம் சேர்த்து 1,10,000. பெயின்ட் 60,000. உங்கள் கட்டட வயதுக்குப் பழைய மொசைக் தரை இருக்கும் என்று நினைக்கிறேன். அதை உடைக்காதீர்கள், மெஷின் வைத்துப் பாலிஷ் போட 25,000 ஒதுக்குங்கள், கண்ணாடி மாதிரி வரும். கூட்டிப் பாருங்கள், 5,55,000. ஃபால்ஸ் சீலிங்கும் மாடுலர் கிச்சனும் இதில் இல்லை. மேடைக்கு அடியில் ஸ்டீல் டிராலியை இரண்டு வருஷம் கழித்துக்கூடப் போடலாம். பாத்ரூமை அப்படித் தள்ளிப்போட முடியாது.

இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2011-இல் என் சொந்த வீட்டில் முதலில் சமையலறை அலமாரிகளைச் செய்தேன். ஆசை. வெளிச்சுவரில் ஜன்னலுக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஜூலையில் மூன்று நாள் விடாமல் மழை. சுவரோடு ஒட்டியிருந்த பார்ட்டிகிள் போர்டு அத்தனையும் ஊறி பிஸ்கட் மாதிரி உப்பிவிட்டது. நானும் வீட்டுக்காரரும் ஐந்து வருஷம் சேர்த்த பணம். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பிய்த்து எடுத்த வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நாள் பற்றி. ஹோலிக்குப் பிறகு என்றது எனக்குப் பிடிக்கவில்லை. உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து வந்த மிஸ்திரிகள் ஹோலிக்கு ஊருக்குப் போனால் பலர் சொன்ன நாளில் திரும்புவதில்லை. அப்புறம் ஏப்ரல், மே கல்யாண சீசன். மும்பைக்குப் பருவமழை சாதாரணமாக ஜூன் 10, 11 வாக்கில் வந்துவிடும். பூச்சும் புட்டியும் காய நாள் வேண்டும் என்பதால் மே 15-க்குள் பெயின்ட் முடிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் தள்ளினாலும் ஈரச் சுவரில் பெயின்ட் அடிக்க நேரும். அதனால் தீபாவளி வரை பொறுங்கள். தீபாவளி கழிந்து ஆறாம் நாள் பீகார்காரர்களின் சட் பூஜை. அதற்கும் ஊருக்குப் போவார்கள். அது முடிந்து ஆட்கள் திரும்பியதும் ஆரம்பித்தால், குளிர் மாதங்களில் நிதானமாக வேலை நடக்கும். எங்கள் சொசைட்டியில் பிள்ளைகள் பரீட்சை நேரத்தில் டிரில் போட விடமாட்டார்கள். உங்கள் செகரட்டரியிடம் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) வாங்கும்போதே வேலை நேரம், தடை நாட்கள் இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

பணம் கொடுப்பதில் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். முன்பணம் 15 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் கொடுப்பதை வேலை முடிய முடியக் கொடுங்கள், தேதிக்குக் கொடுக்காதீர்கள். கடைசி 10 சதவீதத்தை மழை பார்த்த பிறகு, ஜூலை 31 அன்று தருவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பெரிய கட்டட ரிப்பேர் ஒப்பந்தங்களில் ஒரு மழைக்காலம் தாங்கிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமானதுதான், வீட்டு வேலைக்கும் கேட்கலாம். நல்ல கான்ட்ராக்டர் ஒப்புக்கொள்வார்.

கேள்வி: ரிப்பேருக்கு வங்கியில் வாங்கும் கடனுக்கு வரிச் சலுகை உண்டா?
*– வாசகர், டோம்பிவிலி*

பதில்: நீங்கள் குடியிருக்கும் வீடாக இருந்து, பழைய வரி முறையில் இருந்தால், ரிப்பேர் கடனின் வட்டிக்கு வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரை கழிக்கலாம். புதிய முறையில் இல்லை. வட்டிச் சான்றிதழையும் பில்களையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

கேள்வி: பெட்ரூம் சீலிங் மூலையில் ஈரம். மேல்வீட்டுக்காரர் அது மழைத் தண்ணீர், சொசைட்டியைக் கேளுங்கள் என்கிறார். செகரட்டரி அது மேல்வீட்டு பாத்ரூம், அவரைக் கேளுங்கள் என்கிறார். நடுவில் நான் ரிப்பேருக்கு எவ்வளவு ஒதுக்குவது?
*– வாசகர், காட்கோபர்*

பதில்: முதலில் ஒரு காலண்டரும் பென்சிலும் ஒதுக்குங்கள். ஈரம் எப்போது வருகிறது, எப்போது காய்கிறது என்று தினமும் குறியுங்கள். பிப்ரவரியிலும் சொட்டினால் அது மழை இல்லை. மழைக்காலத்தில் மட்டும், அதுவும் தென்மேற்கிலிருந்து காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழைக்குச் சில மணி நேரம் கழித்து வந்தால், வெளிச்சுவர் விரிசலோ ஜன்னல் மேல் நீட்டியிருக்கும் சஜ்ஜாவோ (மழை, வெயில் தடுக்கும் பலகை) காரணம். மேல்வீட்டுக்காரர்கள் நான்கு நாள் ஊருக்குப் போயிருக்கும்போது காய்ந்துவிட்டால், அவர்கள் பாத்ரூம் தரையிலோ கழிவுநீர்ப் பைப்பிலோ ஒழுகல். அவர்கள் இல்லாதபோதும் நிற்காமல் சொட்டினால், சுவருக்குள் ஓடும் நல்ல தண்ணீர்ப் பைப்பில்தான். மெயின் வால்வை மூடச் சொல்லிப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் அவர்கள் பாத்ரூமில் கலர் கலந்த தண்ணீரைத் தேக்கினால், உங்கள் சீலிங்கில் அந்தக் கலர் வருகிறதா என்று பார்க்கலாம்.

யார் செலவு என்பது அதற்குப் பிறகுதான். மகாராஷ்டிரா ஹவுசிங் சொசைட்டிகளுக்கான மாதிரி விதிகளின்படி, வெளிச்சுவர் வழி வரும் மழைநீர்க் கசிவும் பொதுப் பைப்பின் கசிவும் சொசைட்டியின் பொறுப்பு. டாய்லெட், சிங்க் போன்ற வீட்டு உள்கசிவு அந்த ஃபிளாட்காரர்களின் பொறுப்பு. உங்கள் காலண்டரையும் போட்டோக்களையும் வைத்து செகரட்டரிக்கு எழுத்தில் கொடுங்கள், வாங்கியதற்கு முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னது மீட்டிங்கில் நிற்காது.

மேல்வீட்டுக்காரரிடம் போகும்போது மட்டும் கடிதத்தோடு போகாதீர்கள். வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு மாலை போய், அவர்களைக் கீழே அழைத்து வந்து அந்த மூலையைக் காட்டுங்கள். நான் பார்த்த தகராறுகளில் பாதி, மேல்வீட்டுக்காரர் ஒருமுறைகூடக் கீழே வந்து பார்க்காததால் நீண்டவை. அவர்கள் பாத்ரூமை உடைத்தால் குளிக்க எங்கே போவார்கள் என்ற கவலை இருக்கும். வேலை நடக்கும் பத்து நாளும் உங்கள் பாத்ரூமைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அப்படிச் சொன்ன வீடுகளில் வேலை சீக்கிரம் நடந்திருக்கிறது.

நீங்கள் ஒதுக்க வேண்டியது உங்கள் சீலிங் பூச்சுக்கும் பெயின்ட்டுக்கும் மட்டும். கசிவு நின்று இரண்டு மாதம் காயும் வரை அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: முலுண்டில் எங்கள் கட்டடத்துக்கு 41 வயது. ரீடெவலப்மென்ட் (பழையதை இடித்துப் புதிதாகக் கட்டுவது) வரும் வரும் என்று ஆறு வருஷமாகப் பேசுகிறார்கள். சமையலறை படுமோசம். 5 லட்சம் செலவு செய்யலாமா, காத்திருக்கலாமா?
*– வாசகி, முலுண்ட்*

பதில்: பேச்சை நம்பாமல் தாளைக் கேளுங்கள், அம்மா. பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறியதா, பில்டர் தேர்வானாரா, அவரோடு ஒப்பந்தம் ரெஜிஸ்டர் ஆனதா? இந்த மூன்றும் நடக்காவிட்டால் இன்னும் பல மழைக்காலம் நீங்கள் இதே சமையலறையில்தான். ஒப்பந்தம் ரெஜிஸ்டர் ஆகிவிட்டால் சுவரில் ஒரு ஆணிகூடப் புதிதாக அடிக்க வேண்டாம்.

இன்னொரு தாளும் முக்கியம். 30 வயது தாண்டிய கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்ற பரிசோதனை, கட்டாயம். அந்த அறிக்கையைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதில் கட்டடம் சி-1 என்று இருந்தால் அபாயமானது, காலி செய்ய வேண்டியது. அப்போது உங்கள் 5 லட்சம் வேறு வீட்டு டெபாசிட்டுக்கு. அடுத்த படியில் பெரிய ரிப்பேர் தேவை என்று இருந்தால், சொசைட்டி எல்லோரிடமும் பணம் கேட்கும், அதற்கு வையுங்கள்.

அந்த அபாயம் இல்லாவிட்டால் 5 லட்சம் வேண்டாம், ஒன்றரை லட்சத்தில் நிறுத்துங்கள். பைப், கேஸ் லைன், ஒயரிங், சிங்க் இவற்றுக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம், உயிர் விஷயம். மற்றதெல்லாம் கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடியதாக இருக்கட்டும். ஸ்டீல் ராக், காலில் நிற்கிற அலமாரி, நல்ல சிம்னி. பிளைவுட் வாங்கினால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிற மரைன் பிளை. சாதாரண பிளையான ஐ.எஸ். 303-ஐ சிங்குக்கு அடியில் வைக்க வேண்டாம். ஆறு வருஷமாக மோசமான சமையலறையில் நின்று சமைத்திருக்கிறீர்கள். இனியும் காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: கணபதி பண்டிகைக்கு முன் ஹால் பெயின்ட் அடித்துவிடலாமா? சுவரில் உப்புப் பூத்திருக்கிறது.
*– வாசகி, தானே*

பதில்: உப்பு பூத்த சுவரில் வேண்டாம், அது வெளிச்சுவராகத்தான் இருக்கும். ஒரு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வேர்த்திருந்தால் சுவர் இன்னும் தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கிறது. கணபதி வைக்கிற உள்சுவரில் இதே சோதனை செய்து, காய்ந்திருந்தால் அந்த ஒரு சுவருக்கு மட்டும் அடியுங்கள். உப்புச் சுவரைத் துலக்கி ஒரு நல்ல துணித் திரை தொங்கவிடுங்கள். மீதியை நவம்பரில் பார்க்கலாம்.

கேள்வி: சயானில் தரைத்தளத்தில் இருக்கிறோம். ஒவ்வொரு வருஷமும் ஒருமுறையாவது தண்ணீர் உள்ளே வருகிறது. புதுசாக மர வேலை செய்ய 2 லட்சம் வைத்திருக்கிறோம்.
*– வாசகர், சயான்*

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் 2005 ஜூலை 26 நினைவுக்கு வந்தது. அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. கோலிவாடாவில் அப்பாவும் அம்மாவும் ராத்திரி முழுக்கக் கட்டில் மேல் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கடலில் ஓதம் ஏறும்போது வடிகால் வாய்கள் மூழ்கிவிடும், தண்ணீர் போக வழியில்லை. அந்த மாதிரி நேரத்தில் வாசலை அடைத்துப் பயனில்லை, நஹானி டிராப் வழியாக எதிர்த்து வரும். அதனால் மர வேலைக்கு முன்பே, வெளியே உங்கள் டிரெய்னேஜ் சேம்பரில் தண்ணீர் திரும்பி வராத வால்வு போடச் சொல்லிப் பிளம்பரிடம் கேளுங்கள். சொசைட்டி அனுமதி வேண்டும்.

அப்புறம், பழைய தண்ணீர்க் கறை சுவரில் எங்கே நிற்கிறது என்று அளந்து, அதற்கு ஒன்றரை அடி மேலே எல்லா பிளக் பாயிண்டையும் ஏற்றுங்கள். கீழ்ப்பக்கத்துக்குத் தனி டிரிப் சுவிட்ச் இருக்கட்டும். கறைக்குக் கீழே மரம், பிளை, ஜிப்சம் எதுவும் வேண்டாம். அங்கே கடப்பாக் கல் தட்டுகளை வைத்து மேலே மட்டும் மர அலமாரி செய்யுங்கள். கட்டிலும் ஃபிரிட்ஜும் கல் மேடை மேல். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்டிஃபிகேட் எல்லாம் இருக்கிற பெட்டியை மேல் பரணில் வையுங்கள், ஜூன் முதல் தேதிக்கு முன்னால்.